இதயச் செயலிழப்பு மாத்திரையைப் பாதியாக உடைக்கலாமா?

மருந்துச் சீட்டில் மருத்துவர் அரை மாத்திரை என்று எழுதியிருந்தால் மட்டுமே இந்தக் கேள்வி எழ வேண்டும். தலை சுற்றுகிறது என்றோ, ஓர் அட்டையை இரண்டு மாதத்துக்கு இழுக்க வேண்டும் என்றோ நாமாகவே பாதிக்கு இறங்கினால், நுரையீரலிலும் காலிலும் மறுபடி நீர் கோத்துக்கொள்ளக்கூடும். செலவு தாங்கவில்லை என்றால் அதை மருத்துவரிடம் கூச்சமில்லாமல் சொல்லுங்கள். விலை குறைந்த மாற்று பெரும்பாலும் இருக்கும்.

அடுத்து அட்டையைப் பாருங்கள். பெயரோடு எக்ஸ்எல், ஈஆர், எஸ்ஆர் என்ற எழுத்துகள் இருந்தால் அது மருந்தை மெதுவாக வெளிவிடும் மாத்திரை. இவற்றில் பலவற்றை உடைக்கவே கூடாது. மெட்டோபுரோலால் சக்சினேட் இதில் ஒரு விதிவிலக்கு. அதன் சில தயாரிப்புகளில், தனித்தனியே மெதுவாகக் கரையும் நுண்ணிய உருண்டைகளாக மருந்து அடைக்கப்பட்டிருப்பதால், நடுக்கோட்டில் இரண்டாக்கினாலும் அந்த மெதுவான வேலை கெடுவதில்லை. ஆனால் மென்றாலோ பொடித்தாலோ ஒரு நாளுக்கான மருந்து மொத்தமாக இரத்தத்தில் கலந்து, நாடித்துடிப்பு ஆபத்தான அளவுக்குக் குறையலாம். எல்லா நிறுவனங்களும் ஒரே முறையில் தயாரிப்பதில்லை என்பதால், உங்கள் கையிலுள்ள அட்டையையே மருந்தாளுநரிடம் காட்டிக் கேளுங்கள்.

சாக்குபிட்ரில்–வல்சார்டான் மேலுறை பூசிய மாத்திரை. அதைப் பிளப்பது பரிந்துரைக்கப்படுவதில்லை. இந்தியாவில் அது 50, 100, 200 மி.கி. என்று கிடைக்கும்போது, 100ஐ உடைப்பதைவிட 50ஐ எழுதித் தரச் சொல்லிக் கேட்பதே நேர்வழி. டாபாகிளிஃப்ளோசினுக்கு இதயச் செயலிழப்பில் வழக்கமான அளவே 10 மி.கி. தான், பாதியாக்கத் தேவையே இல்லை. நடுக்கோடுள்ள ஐவாபிரடின் 5 மி.கி. மாத்திரையையும் ஃப்யூரோசமைடு 40 மி.கி. மாத்திரையையும் மருத்துவர் சொன்னால் பாதியாக்கலாம். டிகாக்சினில் மட்டும் மிகுந்த கவனம் தேவை: பயன் தரும் அளவுக்கும் நஞ்சாகும் அளவுக்கும் இடைவெளி மிகக் குறுகியது, ஆகவே ஒரு பாதி பெரிதாகவும் மறுபாதி சிறிதாகவும் உடைவதைப் பொருட்படுத்தாமல் விட முடியாது.

உடைப்பதற்குக் கத்தியோ பல்லோ வேண்டாம். மருந்துக் கடையில் கிடைக்கும் மாத்திரை வெட்டும் டப்பாவை வாங்கிக்கொள்ளுங்கள். உலர்ந்த கையோடு, நல்ல வெளிச்சத்தில், மாத்திரையின் கோடு டப்பாவிலுள்ள வெட்டும் தகட்டுக்கு நேராக நிற்கும்படி வைத்து ஒரே அழுத்தில் வெட்டுங்கள். அட்டை முழுவதையும் முன்கூட்டியே உடைத்து வைக்காதீர்கள், ஏனெனில் வெட்டுப்பட்ட பக்கம் ஈரத்தை இழுக்கும். ஒன்றை மட்டும் உடைத்து, மறுபாதியை மூடிய டப்பாவில் வைத்து அடுத்த வேளைக்கே விழுங்கிவிட்டால், பாதிகளில் சிறு ஏற்றத்தாழ்வு இருந்தாலும் இரண்டு வேளைகளில் சரியாகிவிடும். பொடிந்து உதிர்ந்த மாத்திரையைத் தூக்கி எறியுங்கள். பார்வை மங்கிய, கை நடுங்கும் முதியவர்களுக்கு இந்த வேலையை வீட்டில் வேறொருவர் செய்து தரட்டும்.

அளவு மாறிய பிறகு தினமும் காலையில் சிறுநீர் கழித்ததும், சாப்பிடுவதற்கு முன் எடை பார்த்துக் குறித்து வையுங்கள். மூன்று நாளில் 2 கிலோ கூடினாலும், படுத்தால் மூச்சு முட்டினாலும், எழுந்து நிற்கும்போது கண் இருண்டாலும் அன்றே மருத்துவரை அழையுங்கள்.