கோபாட் பக்கத்தில் நிற்பவரைக் கவனிக்கும் முறை

கோபாட் என்பது வேலி இல்லாமல் ஆளோடு சேர்ந்து வேலை செய்யும் ரோபோ. அதோடு ஒரே மேசையில் ஆளை நிறுத்தப் போகிறோம் என்றதும் எல்லோரும் கேட்பது, "இடித்தால் நின்றுவிடுமா?" நிற்கும். ஆனால் எவ்வளவு விசையில் இடித்துவிட்டு நிற்கிறது என்று அளக்காமல் நான் யாரையும் அருகில் விடுவதில்லை.

விசைமானியை ரோபோவின் கையும் மேசையும் நெருங்கும் இடத்தில் வையுங்கள். விரல் நசுங்குவது அங்கேதான். கோபாட் பாதுகாப்புக்கான சர்வதேச ஆவணமான ஐஎஸ்ஓ/டிஎஸ் 15066 (2016) தரும் அளவுப்படி, நசுங்கும் நிலையில் கைக்கும் விரலுக்கும் வரம்பு 140 நியூட்டன். பட்டு உடனே விலகும் மோதலுக்கு அதன் இரு மடங்கு. முகத்தின் உயரத்துக்கு ரோபோவின் பாதை வரவே கூடாது. கிரிப்பரையோ (பொருளைப் பிடிக்கும் முனை) வேகத்தையோ பொருளின் எடையையோ மாற்றினால், மறுபடி அளக்க வேண்டும். பிடித்திருக்கும் தகட்டின் ஓரம் கூராக இருந்தால் இந்த எண்களை நம்பாதீர்கள். குறைந்த விசையிலும் அது வெட்டும்.

சரி, இயந்திரம் முடிந்தது. இனி ஆள்.

ஷிஃப்டின் கடைசி ஒரு மணி நேரம் பக்கத்தில் நின்று பாருங்கள். காலையில் எல்லோருமே நன்றாகத்தான் நிற்பார்கள். மாலையில் தோள் காதை நோக்கி ஏறியிருக்கிறதா, மணிக்கட்டு மடங்கியே இருக்கிறதா, ரோபோ திரும்பும் முன்பே பாகத்தை வைத்துவிட வேண்டும் என்று கை பறக்கிறதா? மூன்றாவதுதான் எனக்குப் பெரிய கவலை. அப்படியானால் வேலையின் வேகத்தை ரோபோ நிர்ணயிக்கிறது. அடுத்த சுற்றைத் தொடங்கும் பொத்தானைத் தொழிலாளியிடம் கொடுங்கள். எண்ணிக்கை குறையும் என்று மேலே முணுமுணுப்பார்கள், விட்டுக்கொடுக்காதீர்கள்.

ரோபோ தானாக நின்ற நேரங்களைப் பதிவிலிருந்து எடுத்து, மணிவாரியாகப் பிரித்துப் பாருங்கள். ஒரே இடத்தில், ஒரே மணியில் திரும்பத் திரும்ப நின்றிருந்தால், யாரையும் கூப்பிட்டுத் திட்ட வேண்டாம். களைப்பா, பாகம் வைக்கும் தட்டு எட்டாத தூரத்தில் இருக்கிறதா என்று அங்கேயே போய்ப் பாருங்கள். பல நேரம் தட்டைக் கொஞ்சம் அருகே நகர்த்தினாலே சரியாகிவிடும்.

வலியைப் பற்றி தினமும் ஒரே நேரத்தில் கேளுங்கள். "நல்லா இருக்கீங்களா?" என்றால் "இருக்கேன்" என்றுதான் வரும். உடல் படம் ஒன்றை நீட்டி, "எங்கே வலிக்குது, பத்துக்கு எவ்வளவு?" என்று கேளுங்கள். இதயத் துடிப்புப் பட்டை கட்டச் சொல்வதாக இருந்தால், சம்மதம் வாங்கிக்கொள்ளுங்கள். தனியாள் கணக்கு அவரிடமே இருக்கட்டும். அது வேலைத்திறன் மதிப்பீட்டுக்குப் போகும் என்று தெரிந்தால் அப்புறம் ஒருவரும் உண்மையைச் சொல்ல மாட்டார்கள். வலி என்று ஒருவர் சொன்னால் அந்த ஷிஃப்டுக்குள்ளேயே ஏதாவது மாற்றுங்கள்: மேசை உயரம், வேகம், அல்லது இடம்.