ஏர் ரைபிள் முனையில் வெயிட் மாட்டும்போது நடக்கும் தவறுகள்

செட்டிநாட்டு வீட்டு முகப்பில் நின்றால் பின்கட்டு வாசல் வரை நேராகத் தெரியும். நிலைகள் எல்லாம் ஒரே நூலில் நிற்கும். ஏர் ரைபிள் பேரலின் (குழலின்) துளையும், ஆட்டம் குறைய அதன் முனையில் மாட்டும் வெயிட்டின் (எடைத் துண்டின்) துளையும் அப்படித்தான் நிற்க வேண்டும்.

காரைக்குடி லேத் பட்டறையில் பேரலை நீட்டி, "அண்ணே, வெயிட் மாட்ட முனையில ஒரு மரை போட்டுத் தாங்க" என்று கேட்கும் தம்பிகளைப் பார்த்தால் எனக்குப் பதறுகிறது. பேரலின் வெளிச்சுற்றை வைத்து மையம் பிடித்தால் போதாது. பெல்லட் (ஈயக் குண்டு) போவது உள்துளை வழியே. இரண்டின் மையமும் எப்போதும் ஒன்றாக இருப்பதில்லை. துளையை வைத்தே மையம் பிடிக்கச் சொல்லுங்கள்.

60 மி.மீ. நீள வெயிட் 1 டிகிரி சாய்ந்தாலே மறுமுனை 1 மி.மீ. விலகிவிடும். 4.5 மி.மீ. பெல்லட்டுக்கு 5.5 மி.மீ. துளை என்றால் பக்கத்துக்கு அரை மி.மீ. இடம்தான். அப்புறம் உரசாமல் எப்படிப் போகும்? துளையின் ஒரு பக்கம் மட்டும் ஈயம் கீற்றாகப் படிந்திருந்தால் உரசுகிறது என்று அர்த்தம். 10 மீட்டர் போட்டியின் இலக்கு அட்டையில் பத்து மதிப்பெண் தரும் நடுப்புள்ளியே அரை மி.மீ. அளவுதான்!

கிரப் ஸ்க்ரூவால் (தலையில்லாத சின்னத் திருகால்) பேரலில் இறுக்கும் வெயிட்டில் நானே ஒரு பேரலைக் கெடுத்திருக்கிறேன். ஆடிவிடக் கூடாதே என்று ஆலன் கீயை (L வடிவச் சாவியை) முழுப் பலத்தில் முறுக்கினேன். காற்றை இறக்கிவிட்டு, கம்பியால் ஒரு பெல்லட்டை மெல்லத் தள்ளிப் பார்த்தபோது, ஸ்க்ரூ இருந்த இடத்தில் மட்டும் இறுகி நின்றது. மெல்லிய பேரல் உள்ளே அமுங்கிவிட்டது. ஸ்க்ரூவைக் கழற்றியும் நிமிரவில்லை. சாவியின் குட்டைப் பக்கத்தை விரலால் பிடித்து முறுக்கும் இறுக்கமே போதும்.

மரை வெயிட்டை முறுக்கும்போது பேரலையே பிடித்துக்கொள்ளுங்கள். பாடியைப் பிடித்து முறுக்கினால், சில மாடல்களில் பேரல் தன்னைத் தாங்கும் பிளாக்குக்குள் திரும்பி, காற்று வரும் துவாரம் விலகிவிடும்.

வெயிட் மாட்டியதும் அடி வேறு இடத்தில் விழுவது இயல்பு. குறி வைத்த இடத்திலேயே அடி விழும்படி ஜீரோவைத் திரும்ப வையுங்கள். குரூப்பே (அடிகள் விழும் கொத்தே) சிதறினால், காலி ரைபிள்தான் என்று இன்னொரு முறை பார்த்துவிட்டு, காது குடையும் பஞ்சுக் குச்சியால் பேரல் வாய் விளிம்பைச் சுற்றித் துடையுங்கள். பிசிறு இருக்கும் இடத்தில் பஞ்சு இழை மாட்டி நிற்கும்.