மின்சார காரின் நேவிகேஷன் சந்தா: பணம் கட்டுமுன் செய்து பார்க்க வேண்டிய சோதனைகள்

என் மின்சார காரை வாங்கியபோது முதல் ஆண்டு நேவிகேஷன் சேவை இலவசம். ஆண்டு முடியப் போகிறது என்று திரையில் அறிவிப்பு வந்ததும் பயந்துபோய் 200 டாலர் கட்டி ஓராண்டுக்குப் புதுப்பித்துவிட்டேன். அந்தப் பணத்தை நான் கட்டியிருக்கவே வேண்டாம். அது எனக்குத் தெரிய இன்னொரு குளிர்காலம் ஆயிற்று. உங்கள் கார் வேறு நிறுவனத்தினுடையதாக இருந்தால் விடையும் வேறாக இருக்கலாம். ஆனால் கண்டுபிடிக்கும் வழி எல்லாருக்கும் ஒன்றுதான்.

நான் இருப்பது டொராண்டோவை ஒட்டிய மார்க்கம். உறவினர்கள் மாண்ட்ரியலில். நடுவே 401 நெடுஞ்சாலை, ஒரு வழிக்கு 500 கிலோமீட்டருக்கு மேல். கீழே சொல்பவை எல்லாம் இந்தச் சாலையிலும் இந்தக் குளிரிலும் கற்றவை.

படி 1: சந்தாவைப் பிரித்துப் பாருங்கள்

விளம்பரத்தில் "இணைந்த நேவிகேஷன்" என்று ஒரே பெயரில் இருக்கும். அதற்குள் குறைந்தது ஐந்து சாமான்கள் இருக்கின்றன. ஒரு தாளில் தனித்தனியாக எழுதிக்கொள்ளுங்கள்: வரைபடமும் வழி சொல்வதும், நேரடிப் போக்குவரத்து நெரிசல், சார்ஜர்களின் பட்டியலும் அவை காலியாக இருக்கின்றனவா என்ற தகவலும், பேட்டரி அளவைப் பார்த்து எங்கே நிறுத்த வேண்டும் என்று திட்டமிடுவது, வேக சார்ஜரை அடையுமுன் பேட்டரியைச் சூடேற்றுவது. பல நிறுவனங்கள் கைபேசியிலிருந்து காரைச் சூடாக்கும் வசதியையும் இதே பொட்டலத்தில் கட்டிவிடுகின்றன. அது நேவிகேஷனே அல்ல. ஆனால் ஜனவரி காலையில் உங்கள் வீட்டில் எல்லாரும் அதைத்தான் கேட்பார்கள். எனவே அதையும் தாளில் எழுதுங்கள்.

முதல் இரண்டுக்கும் கைபேசியே போதும் என்பது என் உறுதியான கருத்து. வரைபடமும் நெரிசல் தகவலும் கூகுள் மேப்ஸில் இலவசமாகக் கிடைக்கின்றன. அவற்றுக்காக மட்டும் பணம் கேட்கும் காருக்குப் பணம் கட்டாதீர்கள். எச்சரிக்கை ஒன்று: ஜெனரல் மோட்டார்ஸ் தன் புதிய மின்சார கார்களில் கைபேசிச் செயலிகளைக் காரின் திரையில் காட்டும் ஆப்பிள் கார்ப்ளே, ஆண்ட்ராய்டு ஆட்டோ இரண்டையும் விட்டுவிடப் போவதாக 2023இல் அறிவித்தது. அப்படிப்பட்ட காரில் கைபேசி வரைபடத்தைத் திரைக்குக் கொண்டுவர முடியாது. அங்கே கணக்கு மாறும்.

மீதி மூன்றில் ஐந்தாவதுதான், அதாவது பேட்டரியைச் சூடேற்றுவதுதான், என்னை அலைக்கழித்தது.

படி 2: பேட்டரி சூடேறுகிறதா என்று உங்கள் கண்ணால் பாருங்கள்

முதலில் காரணம். லித்தியம் அயனி பேட்டரி குளிர்ந்திருக்கும்போது, பாய்ந்து வரும் லித்தியம் அயனிகளை அதன் எதிர்மின்முனையில் உள்ள கிராஃபைட்டால் வேண்டிய வேகத்தில் உள்வாங்க முடியாது. வலிந்து ஏற்றினால் லித்தியம் உலோகமாக மேலே படிந்து பேட்டரியைக் கெடுக்கும். அதனால் காரே மின்னோட்டத்தைக் குறைத்துவிடுகிறது. சார்ஜரில் 150 கிலோவாட் என்று எழுதியிருந்தாலும் கார் 40 கேட்டால் 40தான் வரும். பழுது சார்ஜரில் இல்லை.

இதற்காகத்தான் பல கார்கள் சார்ஜரை நோக்கிப் போகும் வழியிலேயே பேட்டரியைச் சூடேற்றுகின்றன. மெனுவில் "ப்ரீகண்டிஷனிங்" என்றோ "பேட்டரி ஹீட்டிங்" என்றோ இருக்கும். ஆனால் நீங்கள் சார்ஜருக்குப் போகிறீர்கள் என்பது காருக்குத் தெரிய வேண்டும். கைபேசி வரைபடத்தில் வழி போட்டால் பெரும்பாலான கார்களுக்கு அது தெரியாது.

முதல் குளிர்காலத்தில் எனக்கு நடந்தது இதுதான். வெளியே மைனஸ் 18 டிகிரி. கைபேசியைப் பார்த்தே மாண்ட்ரியல் வழியில் உள்ள கிங்ஸ்டன் வரை ஓட்டினேன். 20 விழுக்காட்டிலிருந்து 80க்கு ஏற 70 நிமிடம் ஆயிற்று. பின் இருக்கையில் இரண்டு பிள்ளைகள், விசேஷத்துக்கு நேரமாகிவிட்டது. திரும்பி வந்து படித்துத் தெரிந்துகொண்டு, அடுத்த பயணத்தில் காரின் நேவிகேஷனையே பயன்படுத்தினேன். அப்போதும் அதே 40 கிலோவாட்!

காரணத்தைக் கண்டுபிடிக்க எனக்கு இரண்டு வாரம் பிடித்தது. அந்த சார்ஜர் ஒரு டிம் ஹோர்டன்ஸ் காப்பிக் கடையின் வாகன நிறுத்தத்தில் இருக்கிறது. நான் கடையின் முகவரியைத் தட்டியிருந்தேன். காரைப் பொறுத்தவரை நான் காப்பி குடிக்கப் போகிறேன், சார்ஜ் செய்ய அல்ல. அதே இடத்தை "சார்ஜிங் நிலையங்கள்" என்ற பட்டியலுக்குள் போய்த் தேர்ந்தெடுத்தால்தான் சூடேற்றல் தொடங்கும். முகவரி, கடைப் பெயர், "விருப்பமான இடங்கள்" என்று சேமித்து வைத்தது, இவை எதுவும் என் காரில் வேலை செய்வதில்லை. இதை மட்டும் இந்தக் கட்டுரையிலிருந்து எடுத்துக்கொண்டாலும் போதும்: முகவரியைத் தட்டாதீர்கள், சார்ஜராகத் தேர்ந்தெடுங்கள்.

சோதிக்கும் முறை இது. இலவசக் காலம் முடியுமுன், குளிர் மைனஸ் 10க்குக் கீழே போகும் ஓர் இரவில் காரை வெளியே விடுங்கள். காலையில் பேட்டரி பாதிக்கு மேல் இருக்கட்டும். சில கார்கள் சார்ஜ் குறிப்பிட்ட அளவுக்குக் கீழே இறங்கிவிட்டால் சூடேற்றுவதே இல்லை. அரை மணி நேரத் தொலைவில் உள்ள ஒரு வேக சார்ஜரைப் பட்டியலிலிருந்து தேர்ந்தெடுத்துக் கிளம்புங்கள். பக்கத்து இருக்கையில் ஒருவர் இருந்து குறித்துக்கொள்வது நல்லது.

திரையில் பேட்டரிப் படத்தின் மேல் சிறிய சுருள் குறி வரும். அதை மட்டும் நம்ப வேண்டாம், "தயார்" என்ற பொருளில் மட்டும் அதைக் காட்டும் கார்களும் உண்டு. நான் நம்புவது கிலோவாட் எண்ணை. சிவப்பு விளக்கில் கார் நிற்கும்போது, உட்புற ஹீட்டரை ஒரு நிமிடம் அணைத்துவிட்டு, மின் செலவுத் திரையைப் பாருங்கள். சூடேற்றல் இல்லாவிட்டால் என் காரில் அரை கிலோவாட்டுக்கும் குறைவாக இருக்கும். சூடேறினால் நின்ற இடத்திலேயே 6 கிலோவாட் காட்டுகிறது. முதன்முறை அந்த 6 என்ற எண்ணைப் பார்த்தபோது எனக்கு அவ்வளவு நிம்மதி.

இந்தச் சூட்டுக்கும் விலை உண்டு. 6 கிலோவாட் அரை மணி நேரம் ஓடினால் 3 யூனிட் மின்சாரம், என் 77 யூனிட் பேட்டரியில் 4 விழுக்காடு. குளிரில் ஏற்கெனவே தூரம் குறையும். 2025 பிப்ரவரியில் சி.ஏ.ஏ. என்ற கனடிய வாகன ஓட்டிகள் அமைப்பு ஒட்டாவாவிலிருந்து மோன் ட்ரொம்ப்ளான் வரை பல கார்களை ஓட்டிப் பார்த்தபோது, காரைப் பொறுத்து 14 முதல் 39 விழுக்காடு வரை தூரம் குறைந்தது. ஆகவே கடைசி 10 விழுக்காட்டோடு சார்ஜரைத் தேடிப் போகும் பழக்கத்தைக் குளிர்காலத்தில் விட்டுவிடுங்கள்.

படி 3: சந்தாவைச் சாக விடுங்கள்

பலர் இதைச் செய்யத் துணிவதில்லை. நானும் துணியவில்லை, அதனால்தான் 200 டாலர் போயிற்று.

தானாகப் புதுப்பிக்கும் தெரிவை முதலில் அணையுங்கள். இலவசக் காலம் முடிந்து இரண்டு வாரம் எதுவும் கட்டாமல் ஓட்டுங்கள், அந்த இரண்டு வாரத்தில் நெடும்பயணம் எதுவும் வைத்துக்கொள்ளாதீர்கள். பிறகு படி 2இன் சோதனையை அப்படியே மறுபடி செய்யுங்கள். எழுதி வைத்த தாளை எடுத்து, எது செத்தது, எது உயிரோடு இருக்கிறது என்று குறியுங்கள்.

என் காரில் நெரிசல் நிறங்கள் போய்விட்டன. சார்ஜர் காலியா என்ற தகவல் போய்விட்டது. கைபேசியிலிருந்து காரைச் சூடாக்குவது வேறு பொட்டலத்தில் இருந்ததால் தப்பியது. வரைபடம் காரிலேயே பதிவாகியிருப்பதால் அப்படியே இருந்தது. அந்த வரைபடத்துக்குள் சார்ஜர் பட்டியலும் இருந்தது. பட்டியலில் ஒரு சார்ஜரைத் தேர்ந்தெடுத்தேன், சிவப்பு விளக்கில் நின்றேன், ஹீட்டரை அணைத்தேன்: 6 கிலோவாட். எதற்காகப் பணம் கட்டினேனோ அது சந்தாவைச் சார்ந்ததே அல்ல. விற்பனைப் பக்கத்தில் மட்டும் எல்லாவற்றையும் ஒன்றாக அடுக்கியிருந்தார்கள். இதை வாங்குபவருக்குத் தெளிவாகச் சொல்வது அவர்கள் கடமை என்று நான் நினைக்கிறேன்.

மெனுவை முழுவதும் துழாவிப் பாருங்கள். ஹூண்டாய், கியா, ஃபோக்ஸ்வாகன் போன்றவை பின்னாளில் சில மாடல்களுக்கு நேவிகேஷன் இல்லாமலே கையால் சூடேற்றும் பொத்தானைக் கொடுத்தன. அந்தப் பொத்தான் உங்கள் காரில் இருந்தால், சூட்டுக்காக நேவிகேஷன் சந்தா எடுக்கத் தேவையில்லை. டெஸ்லாவில் வழி காட்டுவதற்கும் சார்ஜர் திட்டத்துக்கும் தனிச் சந்தா இல்லை. செயற்கைக்கோள் படம், நெரிசல் நிறங்கள் போன்றவற்றுக்குத்தான் கேட்கிறார்கள்.

படி 4: சந்தா இல்லாமல் ஒரு நெடும்பயணம்

திட்டமிட நான் நம்புவது ஏ பெட்டர் ரூட்பிளானர் என்ற செயலி. ஸ்வீடனில் தொடங்கியது, 2023இல் ரிவியன் என்ற மின்சார வாகன நிறுவனம் வாங்கியது. கார் மாடல், கிளம்பும்போது எவ்வளவு சார்ஜ், வெளியே எத்தனை டிகிரி என்று கொடுத்தால் எங்கே எத்தனை நிமிடம் நிற்க வேண்டும் என்று சொல்லும். இலவசப் பதிப்பே எனக்குப் போதுமானதாக இருக்கிறது. பிறகு அது சொன்ன ஒவ்வொரு சார்ஜரையும் இன்னொரு செயலியான பிளக்‌ஷேரில் பார்ப்பேன். கடைசியாக யார், எப்போது வெற்றிகரமாக சார்ஜ் செய்தார் என்று அங்கே ஓட்டுநர்களே எழுதி வைக்கிறார்கள். காரின் திரை "காலி" என்று காட்டிய சார்ஜர் பழுதாகி நின்றதை நான் பார்த்திருக்கிறேன். மனிதர் எழுதிய குறிப்பு அதைவிட மேல்.

ஓட்டும்போது கைபேசி வரைபடம். சார்ஜருக்கு 40 நிமிடம் இருக்கும்போது, பக்கத்தில் இருப்பவர் காரின் நேவிகேஷனில் அதே சார்ஜரைத் தேர்ந்தெடுப்பார். இப்படித்தான் சென்ற ஜனவரியில் மாண்ட்ரியல் போனோம். கிங்ஸ்டனில் 32 நிமிடம்.

படி 5: சூடேற்றல் உண்மையிலேயே சந்தாவுக்குள் பூட்டப்பட்டிருந்தால்

அப்போது கணக்குப் போடுங்கள். கனடாவில் நீண்ட காலம் சார்ஜருக்கு நிமிடக் கணக்கில்தான் பணம். யூனிட் கணக்கில் விற்க அரசின் அளவை அமைப்பு 2023இல்தான் வழி திறந்தது. இன்னும் பல சார்ஜர்கள் நிமிடக் கணக்கில் இருக்கின்றன. அங்கே குளிர்ந்த பேட்டரி உங்கள் பணப்பையைத் தொடும். நிமிடத்துக்கு 40 சென்ட் என்று வைத்தால், எனக்கு 70க்கும் 32க்கும் இடையே உள்ள 38 நிமிடம் 15 டாலர் 20 சென்ட்.

ஆனால் ஒவ்வொரு நிறுத்தத்துக்கும் இதைப் பெருக்காதீர்கள். முதல் சார்ஜிலேயே பேட்டரி சூடாகிவிடும், அடுத்த நிறுத்தத்தில் லாபம் குறைவு. போக ஒன்று, வர ஒன்று என்று எண்ணுங்கள். குளிர்காலத்தில் இரண்டு முறை போய் வந்தால் நான்கு நிறுத்தம், ஏறத்தாழ 60 டாலர். மாதம் 20 டாலர் கேட்கும் சந்தாவை டிசம்பர் முதல் மார்ச் வரை எடுத்தால் 80. பயணம் இருக்கும் இரண்டு மாதம் மட்டும் எடுத்தால் 40. ஆண்டுச் சந்தாவை எந்தக் கணக்கும் நியாயப்படுத்தவில்லை. மாதக் கணக்கில் எடுத்து நிறுத்த விடுகிறார்களா என்று மட்டும் கேட்டுக்கொள்ளுங்கள்.

பின்சேர்க்கை

கோவையிலிருந்து ஒருவர் இதையெல்லாம் தமிழ்நாட்டில் செய்ய வேண்டுமா என்று கேட்டிருந்தார். சூடேற்றலைத் தாளிலிருந்து அடித்துவிடுங்கள். ஊட்டியில் ஜனவரி உறைபனியில் இரவு முழுவதும் நின்ற காரை விடிந்ததும் வேக சார்ஜரில் போட்டால் சற்று மெதுவாக ஏறும், அவ்வளவுதான். சமவெளியில் பேட்டரிக்கு வேண்டியது குளிர்ச்சி. அங்கே சந்தாவை எடைபோட வேண்டியது சார்ஜர் தகவல் எவ்வளவு புதிது என்பதை வைத்து. அதற்கு சார்ஜர் நிறுவனங்களின் சொந்தச் செயலிகளும் பிளக்‌ஷேரும் காரை முந்திவிடும்.

இன்னொருவரின் காரில் சந்தா முடிந்ததும் சார்ஜர் பட்டியலே வெறுமையாகிவிட்டதாம், சூடேற்றலும் நின்றுவிட்டது. பழைய காராக வாங்கியவர் அவர். சேவை முந்தைய உரிமையாளரின் கணக்கில் இருந்திருக்கிறது. தன் பெயருக்கு மாற்றியதும் இரண்டு மாத இலவசக் காலம் கிடைத்தது. பழைய கார் வாங்குபவர்கள் பணம் கட்டுமுன் இந்தக் கணக்கு மாற்றத்தை முதலில் முடியுங்கள்.