ஈஎம்எஃப் மீட்டர், பதக்கம், ஃபாயில்: வாங்கும் முன் படிக்க

லோட் ஷெடிங் என்ற முறைவைத்த மின்வெட்டு படுத்திய பாட்டில் டர்பனின் சாட்ஸ்வர்த், ஃபீனிக்ஸ் பக்கம் எத்தனையோ வீட்டுச் சுவர்களில் இன்வெர்ட்டர் ஏறிவிட்டது. கூடவே மின்காந்தப்புலம் (ஈஎம்எஃப்) பற்றிய பயமும். கவலைப்படுவதில் தப்பில்லை, அதை வைத்து நடக்கும் வியாபாரத்தில் போய் விழுவதுதான் தப்பு.

முதலில், ஈஎம்எஃப் அளப்பதாகச் சொல்லும் போன் ஆப். இலவசம்தானே என்று இறக்கிவிட்டு, முப்பது காட்டுகிறது, நாற்பது காட்டுகிறது என்று பதறுகிறார்கள். போனுக்குள் இருப்பது திசைகாட்டிக்கான உணரி. அது காட்டுவது பெரும்பாலும் பூமியின் சொந்தக் காந்தப்புலத்தை. உலகம் முழுக்க அது 25 முதல் 65 மைக்ரோடெஸ்லா வரை இருக்கும், நம் தென்னாப்பிரிக்காவில் கீழ்க்கோடியை ஒட்டி. பக்கத்தில் இரும்புக் கட்டில் இருந்தால் எண் எகிறும், அவ்வளவுதான். 50 ஹெர்ட்ஸ் மின்சாரத்தின் புலத்தை நம்பி அளக்க அது உதவாது, வைஃபை பற்றியோ அதற்கு ஒன்றுமே தெரியாது.

சரி, காந்தப்புலம் அளக்கும் காஸ் (gauss) மீட்டரே வாங்கியாச்சு என்றால்? அதை ரூட்டர் மேல் பிடித்து வைஃபையை அளப்பதாக நினைக்காதீர்கள். முள் துள்ளினால் பெரும்பாலும் உள்ளே இருக்கும் மின்சுற்றோ பக்கத்து அடாப்டரோ காரணம், ரேடியோ அலைக்குத் தனி மீட்டர் வேண்டும். விலை குறைந்தவை பல ஒரே அச்சில்தான் அளக்கும். ஒரே இடத்தில் மூன்று பக்கமும் திருப்பிப் பார்க்காவிட்டால் பாதி கதைதான் கிடைக்கும். அலகையும் பாருங்கள்: 1 மைக்ரோடெஸ்லா என்பது 10 மில்லிகாஸ். கதிர்வீச்சுப் பாதுகாப்புக்கான சர்வதேச ஆணையமான ஐசிஎன்ஐஆர்பி 2010-இல் பொதுமக்களுக்குச் சொன்ன வரம்பு, 50 ஹெர்ட்ஸில், 200 மைக்ரோடெஸ்லா. ஆனால் வீட்டில் நீண்ட நாள் சராசரி 0.3, 0.4 மைக்ரோடெஸ்லாவுக்கு மேல் போன இடங்களில் குழந்தைகளின் ரத்தப் புற்றுநோயோடு ஒரு புள்ளிவிவரத் தொடர்பு தெரிந்ததால், 2002-இல் உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு அமைப்பான ஐஏஆர்சி இந்தக் காந்தப்புலத்தைப் புற்றுநோய் உண்டாக்கச் "சாத்தியமுள்ள" பட்டியலில் வைத்தது. காரணம் இதுதான் என்று நிரூபணமாகவில்லை. சராசரி என்பதைக் கவனியுங்கள்: ஃப்ரிட்ஜ் மோட்டாரில் மீட்டரை ஒட்டிப் பார்ப்பதால் பயனில்லை, தலையணை இருக்கும் இடத்தில் பாருங்கள்.

குறைக்கிறேன் பேர்வழி என்று செய்வதுதான் இன்னும் வேடிக்கை. அலுமினிய ஃபாயில் 50 ஹெர்ட்ஸ் காந்தப்புலத்தைக் கிட்டத்தட்ட தடுக்காது. ரூட்டரைக் கூண்டில் வைத்தால் சிக்னல் மங்கும், அதைப் பிடிக்கக் கையிலுள்ள போன் கூடுதல் சக்தியில் ஒலிபரப்பலாம். 5ஜி அலையிலிருந்து காப்பதாக விற்கும் பதக்கம் வேண்டவே வேண்டாம்: 2021 டிசம்பரில் நெதர்லாந்தின் அணுசக்திப் பாதுகாப்பு ஆணையம் சோதித்த பத்துப் பொருள்கள், பதக்கங்கள் உட்பட, கதிரியக்கம் உள்ளவையாக இருந்தன! எர்த்திங் பாய், அதாவது பிளக்கின் எர்த்தோடு இணைத்துப் படுக்கும் பாய் விரிப்பவர்கள், பழைய வீட்டில் எர்த் ஒழுங்காக இருக்கிறதா என்று யோசித்ததுண்டா? அதில் கோளாறு இருந்தால் நேரே உடம்புக்கே மின்சாரம் வரக்கூடும்.

உருப்படியானது தூரம்தான். இன்வெர்ட்டர் மாட்டிய சுவருக்கு மறுபக்கம் கட்டில் இருந்தால், செங்கல் காந்தப்புலத்தைத் தடுக்காது, ஒன்றிரண்டு மீட்டர் நகர்த்திவிட்டு மறுபடி அளந்து பாருங்கள், எண் சட்டென்று இறங்கும்.

இறங்காமல் அறை நடுவிலும் அதே அளவு நின்றால் மெயினை அணைத்துப் பாருங்கள், இன்வெர்ட்டரையும் சேர்த்துத்தான். அப்புறமும் இருந்தால் வெளியிலிருந்து வருகிறது. மறைந்துவிட்டால், நியூட்ரலும் எர்த்தும் எங்கோ தப்பாகச் சேர்ந்திருக்கலாம். டிபி போர்டை (பிரேக்கர்கள் இருக்கும் மின்பெட்டியை) நீங்களே திறக்காமல், பதிவு பெற்ற எலக்ட்ரீஷியனைக் கூப்பிட்டு, வேலை முடிந்ததும் சிஓசி, அதாவது வயரிங் விதிப்படி இருக்கிறது என்ற சான்றிதழ், கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள்.