கடைமடையிலிருந்து தொடங்குங்கள்: கிராம சபைக்கு ஊர்த் திட்டம் தயாரிக்கும் முறை

அக்டோபர் 2 கிராம சபைக்கு ஒரு மாதம் முன்பே இந்த வேலையைத் தொடங்கிவிடுங்கள். அடுத்த நிதியாண்டுக்கான ஊராட்சி வளர்ச்சித் திட்டத்துக்கு அன்றைக்குத்தான் பிள்ளையார் சுழி போடுவார்கள். அன்று காலையில் போய் உட்கார்ந்து யோசித்தால், ஏற்கெனவே எழுதி வைத்த தாளை வாசிப்பார்கள்; நாம் கையெழுத்துப் போட்டுவிட்டு வருவோம். நானும் இரண்டு தடவை அப்படித்தான் வந்தேன்.

நான் திருத்துறைப்பூண்டிப் பக்கம் ஒரு சின்ன ஊரில் மகளிர் குழு ஊக்குநர். எங்கள் ஊர் கடைமடை, ஆற்றுத் தண்ணீர் கடைசியாக வந்து சேரும் இடம். மேட்டூரில் மதகைத் திறந்து பூ தூவுவதை டிவியில் பார்த்துவிட்டு, எங்கள் வாய்க்காலைப் பத்துப் பதினைந்து நாள் எட்டி எட்டிப் பார்ப்போம். கொரோனா வந்த 2020-இல், எட்டு வருடம் கழித்து முதல் தடவையாக, வழக்கமான நாளான ஜூன் 12 அன்றே அணை திறந்தது. தண்ணீர் இருந்தது, கையில் காசு இல்லை. திருப்பூர் பனியன் கம்பெனிகளுக்குப் போன பிள்ளைகள் பையோடு திரும்பி வந்துவிட்டார்கள். தோடும் மூக்குத்தியும் அடகுக்குப் போயின. வாரத் தவணைக்காரர் கொஞ்ச நாள் கேட்காமல் இருந்தார், அப்புறம் விட்டதையும் சேர்த்துக் கேட்டார்.

இது எங்கள் தெருக் கதை மட்டுமில்லை. 2020 என்ற அந்த ஒரே வருடத்தில் உலகத்தில் சுமார் 7 கோடிப் பேர் புதிதாகக் கொடிய வறுமைக்குள் விழுந்தார்கள் என்று உலக வங்கி கணக்குச் சொன்னது. 2015-இல் ஐ.நா. சபையில் 193 நாடுகள் சேர்ந்து 2030-க்குள் முடிப்பதாக ஏற்ற, வறுமை ஒழிப்பு, கல்வி, குடிநீர் போன்ற 17 நீடித்த வளர்ச்சி இலக்குகளும் பின்னுக்குப் போயின. சரியான வேகத்தில் போவது அவற்றின் உட்பிரிவுகளில் 17 விழுக்காடுதான் என்று ஐ.நா.வே 2024 அறிக்கையில் சொல்லியது. ஒருவரையும் விட்டுவிடக் கூடாது என்பதுதான் அந்த உறுதிமொழியின் உயிர். பாசனம் பார்க்கிற நமக்கு இது புதுச் சேதியா? கடைசி வயல் நனைந்தால்தான் தண்ணீர் வந்ததாகக் கணக்கு. ஊர்த் திட்டத்தையும் அந்தக் கடைசி வயலிலிருந்தே எழுத வேண்டும் என்கிறேன்.

மத்தியப் பஞ்சாயத்து ராஜ் அமைச்சகம் அந்த 17 இலக்குகளையும் ஊராட்சிகளுக்காக ஒன்பது தலைப்புகளாகச் சுருக்கியிருக்கிறது: வறுமையில்லாத ஊர், நலமான ஊர், தண்ணீர்த் தன்னிறைவு பெற்ற ஊர், குழந்தைகளுக்கேற்ற ஊர், பெண்களுக்கேற்ற ஊர் என்று போகும். ஒன்பதையும் எடுக்காதீர்கள். இரண்டு போதும். எந்த இரண்டு என்பதை மக்கள் சொல்லட்டும்.

அதற்குத்தான் ஊர்ப்படம். நடவுக்குப் போனவர்கள் வீடு திரும்பி, ஒரு வாய் சாப்பிட்டு உட்காரும் நேரம், நாலு மணி வாக்கில், நெல் அடிக்கும் களத்தைப் பெருக்கிவிட்டுக் கோலமாவால் தெருக்களைப் போடுங்கள். செங்கல் பொடியால் வாய்க்கால். வீட்டுக்கு ஒரு புளியங்கொட்டை. பெண் தனியாக நடத்துகிற குடும்பம் என்றால் கூடவே ஒரு வேப்பங்கொட்டை. முதல் நாள் அலுவலர், கட்சிக்காரர் யாரையும் கூப்பிடாதீர்கள். நாற்காலி போட்டால் பேச்சு நின்றுவிடும்.

எங்கள் களத்தில் படம் முடிந்தது என்று நான் கையைத் தட்டிக்கொண்டு எழுந்தேன். சேறு காயாத காலோடு ஓரமாக நின்றிருந்த அப்பாயி ஒருவர் குனிந்தார். கிண்ணத்திலிருந்து மூன்று கொட்டை எடுத்து, வாய்க்காலுக்கு அந்தப் பக்கம், கோலமாவு கோடே இல்லாத வெறும் மண்ணில் ஒவ்வொன்றாக வைத்தார். மூன்றாவது கொட்டை உருண்டது. திரும்ப எடுத்து விரலால் அழுத்தி வைத்தார்.

“இதுவும் நம்ம ஊருதானே ஆயி?”

கரையோரப் புறம்போக்கில் இருக்கும் மூன்று குடிசைகள் அவை. பட்டா இல்லை, வீட்டு வரி ரசீது இல்லை. எங்கள் பட்டியல் எதிலும் அந்த வீடுகள் வரவே இல்லை. அவற்றில் ஒன்றில் 2020-இல் ஒன்பதாவது படித்த பெண் இருக்கிறாள். வீட்டில் போன் இல்லாததால் வகுப்பும் இல்லாமல் மில் வேலைக்குப் போனவள். 2021-இல் இல்லம் தேடிக் கல்வி வந்தது, சின்னப் பிள்ளைகளுக்குப் பெரிய கை கொடுத்தது. ஆனால் அது எட்டாம் வகுப்பு வரைக்கும்தான்.

ஆகவே வீடு வீடாகக் கேட்கும்போது “என்ன வேண்டும்?” என்று கேட்காதீர்கள். ரோடு, லைட் என்று பழக்கத்தில் சொல்லிவிடுவார்கள். “கொரோனாவுக்கு முன்னால் இருந்து, இன்னும் திரும்பி வராதது எது?” என்று கேளுங்கள். அடகு நகை, நின்ற படிப்பு, விற்ற மாடு எல்லாம் அப்போதுதான் வெளியே வரும். குறித்துக்கொள்ளுங்கள், ஆனால் சபையில் எண்ணிக்கையை மட்டும் சொல்லுங்கள், பெயரை வாசிக்காதீர்கள். படிப்பை விட்டவர் பட்டியலைத் தலைமையாசிரியர் கையில் நேராகக் கொடுங்கள். பத்தாவதைத் தனித்தேர்வராக எழுத வழி இருக்கிறது. மகளிர் குழுக்கள் தயாரிக்கும் வறுமை குறைப்புத் திட்டத்தையும் ஊராட்சித் திட்டத்தோடு சேர்க்க வேண்டும் என்பது முறை. அதைக் கேட்டு வாங்குங்கள்.

அடுத்தது அளவு. நான் ஒரு குடத்தையும் செல்போன் கடிகாரத்தையும் எடுத்துக்கொண்டு போனேன். தண்ணீர்த் தொட்டி இருக்கும் தெருவில் குடம் நிறைய மூன்று நிமிடம். தெற்குத் தெருக் கடைசிக் குழாயில் பத்தொன்பது. மூன்று நாள், ஒரே நேரத்தில் வைத்துப் பார்த்து எழுதினேன். இதற்கு யாரும் மறுபேச்சுப் பேசவில்லை.

தீர்மான வாசகத்தில்தான் நான் முதலில் கோட்டை விட்டேன். “தெற்குத் தெருவில் குடிநீர் வசதி மேம்படுத்தலாம்” என்று எழுத விட்டேன். ஒரு வருடம் ஒன்றும் நடக்கவில்லை. இடம், வீடுகளின் எண்ணிக்கை, வேலை, நிதி, ஆண்டு ஐந்தும் இருக்க வேண்டும். “தெற்குத் தெருக் கடைசி 14 வீடுகளுக்கும் வாய்க்கால் கரை 3 வீடுகளுக்கும் மேல்நிலைத் தொட்டியிலிருந்து தனிக் குழாய், சுமார் 180 மீட்டர், வரும் நிதியாண்டில், நிதிக்குழு மானியத்திலிருந்து” என்று அடுத்த முறை எழுதினோம். 15-வது நிதிக்குழுவின் பரிந்துரைப்படி மத்திய அரசு 2021 முதல் 2026 வரை ஊராட்சிகளுக்குத் தந்த மானியத்தில் 60 விழுக்காடு குடிநீருக்கும் துப்புரவுக்கும் மட்டுமே செலவழிக்க வேண்டிய பணமாக இருந்தது. இப்படிப்பட்ட ஒதுக்கீடு தெரிந்திருந்தால் “நிதி இல்லை” என்ற பதிலுக்கு உடனே வாய் திறக்கலாம்.

ஆள் சேர்ப்பதை அலட்சியம் செய்யாதீர்கள். சபை செல்லுபடியாக, மக்கள்தொகை 500 வரை என்றால் 50 பேர், 3,000 வரை என்றால் 100 பேர், 10,000 வரை என்றால் 200 பேர் வர வேண்டும். அக்டோபர் தொடக்கம் சம்பா நடவு நேரம். கூட்டம் பதினோரு மணிக்கு என்றால் நம் பெண்கள் வயலில் நிற்பார்கள். நடவுக்கு ஆள் அழைத்துப் போகும் அக்காவிடம் முன்கூட்டியே பேசி அன்றைய நடவை அரை நாள் தள்ளிவையுங்கள். கூலி போகுமே என்றால், காலை வெள்ளென நட்டுவிட்டு வரட்டும். தலைவர் இருந்தாலும் தனி அலுவலர் இருந்தாலும், தீர்மானம் புத்தகத்தில் ஏறி எண் போட்ட பிறகே கையெழுத்துப் போடுங்கள்.

நகல் கேளுங்கள். தரவில்லையென்றால் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் பத்து ரூபாய் கோர்ட் ஸ்டாம்ப் ஒட்டி மனுப் போடுங்கள். 30 நாளில் பதில் தர வேண்டும். நவம்பர் 1, ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15 ஆகிய நாள்களிலும் சபை கூடும். ஒவ்வொரு தடவையும் அந்தத் தீர்மான எண்ணைச் சொல்லி, வேலை எந்த அளவில் இருக்கிறது என்று கேளுங்கள்.

எங்களுக்குக் குழாய் வர பதினான்கு மாதம் ஆனது. போன வாரம் வாய்க்கால் கரைக் குழாயில் அதே குடத்தை வைத்துப் பார்த்தேன். ஆறு நிமிடம்.