நார்த்தம்பர்லாந்துக்கு வருகிறீர்களா? முதலில் எண்ணெய் டாங்க்கைத் தட்டிப் பாருங்கள்

இங்கிலாந்தின் வடகோடியில், ஸ்காட்லாந்தை ஒட்டி இருக்கிற மாவட்டம் இது. ஆஸ்பத்திரி வேலை, கேர் ஹோம் வேலை என்று நம் ஆட்கள் இங்கேயும் வருகிறார்கள். ஜிபி (குடும்ப டாக்டர்) பதிவு, கவுன்சில் டாக்ஸ் என்கிற உள்ளாட்சி வரி எல்லாம் ஆன்லைனில் முடிந்துவிடும், அதற்கு நான் தேவையில்லை.

லண்டனில் இருக்கிற சொந்தக்காரர்களைக் கேட்டால், "மாசாமாசம் கேஸ் பில் வரும், கட்டினால் போதும்" என்பார்கள். இங்கே பல கிராமத்து வீடுகளுக்குக் கேஸ் குழாயே கிடையாது. வீட்டுக்குப் பின்னால் ஒரு பிளாஸ்டிக் டாங்க் நிற்கும், அதில் மண்ணெண்ணெய். ஆமாம், ரேஷன் கடையில் கேனோடு வரிசையில் நின்று வாங்கினோமே, அந்த மண்ணெண்ணெய்தான் இங்கே வீட்டைச் சூடாக்குகிறது.

நாங்கள் குடிவந்தது அக்டோபரில். வீடு காட்டிய ஏஜென்ட் "ஹீட்டிங் உண்டு" என்றாரே தவிர, டாங்க்கில் எவ்வளவு மிச்சம் என்று வாயைத் திறக்கவில்லை. ஜனவரியில் ஒரு சனிக்கிழமை ராத்திரி எண்ணெய் தீர்ந்து, அதை எரித்து வீட்டைச் சூடாக்கும் பாய்லர் நின்றுவிட்டது. திங்கட்கிழமை எண்ணெய்க் கம்பெனிக்குப் போன் செய்தால், குறைந்தது 500 லிட்டர் வாங்க வேண்டும், பத்து நாளாகும், பாதையில் பனி உறைந்திருந்தால் லாரி ஏறாது என்கிறார்கள். அந்தப் பத்து நாளும் பிள்ளைகள் ஸ்வெட்டரோடு ஒரே அறையில் தூங்கினார்கள். எதிர்ப் பண்ணைக்காரர் கேட்காமலேயே ஒரு மின் ஹீட்டர் கொண்டுவந்து கொடுத்தார், அதை மறக்க மாட்டேன். எண்ணெய் வந்தும் பாய்லர் பற்றவில்லை. டாங்க் காலியானால் குழாயில் காற்று புகுந்துவிடுமாம், அதை வெளியேற்ற மெக்கானிக்குக்குத் தனிக் கூலி. ஊரில் ஒரு சிலிண்டர் தீர்ந்தால் இன்னொன்று இருக்கும். இங்கே இருப்பது ஒரே டாங்க். கால்வாசி ஆகும்போதே ஆர்டர் போடுங்கள், முடிந்தால் கோடையிலேயே நிரப்பிவிடுங்கள். பல கிராமங்களில் பத்து வீடு சேர்ந்து மொத்தமாக வாங்குவார்கள், விலை குறையும், விசாரியுங்கள்.

அப்புறம், எண்ணெய் இருந்தாலும் கரண்ட் இல்லாமல் பாய்லர் ஓடாது. 2021 நவம்பர் 26 அன்று ஆர்வென் புயலில் இந்த மாவட்டத்துப் பிரிஸ்லி வுட்டில் காற்று மணிக்கு 98 மைல் வேகத்தைத் தொட்டது. மேற்குக் காற்றுக்கே பழகிய மரங்கள் அன்றைய வாடைக் காற்றில் வேரோடு சாய்ந்தன, சில வீடுகளுக்கு ஒரு வாரம் கழித்தும் கரண்ட் வரவில்லை. டார்ச், பவர் பேங்க், கனத்த போர்வை எப்போதும் கையில் இருக்கட்டும். கரண்ட் போனால் 105க்குக் கூப்பிடுங்கள்.

டிசம்பரில் மூன்றே முக்காலுக்கெல்லாம் சூரியன் போய்விடும், மனசு ஊரைத் தேடும். ஜூனில் ராத்திரி பத்து வரை வெளிச்சம். ஆனால் அப்போதும் கம்பளியைப் பரணில் போடாதீர்கள். வெயில் அடிக்கும்போதே குளிர்ந்த வட கடலிலிருந்து ‘ஃப்ரெட்’ என்கிற மூடுபனி ஏறிவரும், கடற்கரைக்குப் போன பிள்ளைகள் நடுங்கிக்கொண்டே காருக்கு ஓடிவருவார்கள்.