நான்கு பேர், ஒரே கோப்பு: கூகுள் டாக்ஸில் குழு ரிப்போர்ட் எழுதுவது எப்படி?

நான்கு மாணவர்கள் சேர்ந்து புராஜெக்ட் ரிப்போர்ட் எழுதினால், வாட்ஸ்அப் குரூப்பில் ‘ஃபைனல்’, ‘ஃபைனல் 2’, ‘இதுதான் ஃபைனல்’ என்று வேர்டு கோப்புகள் குவிந்துவிடும். கடைசியாகத் திருத்தியது எது என்று தேடியே நேரம் போய்விடும். கூகுள் டாக்ஸில் கோப்பு ஒன்றுதான், எல்லோரும் அதிலேயே எழுதலாம். ஜிமெயில் கணக்கு போதும், காசு கிடையாது.

1. கோப்பைத் தொடங்குங்கள்

ஒருவர் மட்டும் தொடங்கினால் போதும். கூகுள் டாக்ஸைத் திறந்து, பிளஸ் குறியைத் தொட்டால் வெற்றுப் பக்கம் வரும். உடனே பெயர் வைத்துவிடுங்கள். சேமிக்க வேண்டிய வேலை இல்லை, நெட் இருந்தால் தானே சேமித்துக்கொள்ளும்.

2. எழுதும் முன்பே தலைப்புகளைப் போடுங்கள்

பலரும் தாண்டிப் போகும் படி இது. என்னைக் கேட்டால் இதுதான் முக்கியம். முன்னுரை, ஆய்வு முறை, முடிவுகள் என எல்லாத் தலைப்புகளையும் முதலிலேயே தட்டி, ‘ஹெட்டிங் 1’ பாணியைக் கொடுங்கள். இடப்பக்கம் அவை பட்டியலாகத் தெரியும்; தொட்டால் அந்த இடத்துக்கே போகலாம். ஒவ்வொரு தலைப்பின் கீழும் எழுதப்போகிறவர் பெயரைப் போட்டுவிடுங்கள். இரண்டு பேர் ஒரே பத்தியில் கை வைக்கும் குழப்பம் இதிலேயே பாதி தீர்ந்துவிடும்.

3. பகிருங்கள்

வலது மேல் மூலையில் ‘ஷேர்’. நண்பர்களின் மின்னஞ்சல்களைச் சேர்த்து ‘எடிட்டர்’ என்று கொடுங்கள். ‘லிங்க் உள்ள யாரும்’ என்பதை எடிட்டர் உரிமையோடு திறந்துவிடாதீர்கள். லிங்க் எங்கே சுற்றினாலும், கிடைத்தவர் அழிக்கலாம்.

புராஜெக்ட் கைடுக்கு, அதாவது வழிகாட்டும் ஆசிரியருக்கு, ‘கமென்டர்’ (கருத்து மட்டும் சொல்லும் உரிமை) போதும். ஆனால் யார் எவ்வளவு எழுதினார்கள் என்று அவர் பார்க்க விரும்பினால் எடிட்டர் உரிமை வேண்டும். அந்த உரிமை இல்லாதவர்களுக்கு, மாற்றங்களின் பதிவான ‘வெர்ஷன் ஹிஸ்டரி’ தெரியாது.

4. அடுத்தவர் பகுதியை நேரடியாகத் திருத்தாதீர்கள்

மேலே பென்சில் குறியைத் தொட்டு ‘சஜஸ்டிங்’ தேர்ந்தெடுங்கள். உங்கள் திருத்தம் தனி நிறத்தில் நிற்கும். எழுதியவர் டிக் அடித்தால் ஏறும், வேண்டாமென்றால் தள்ளிவிடலாம். கேள்வி மட்டும் என்றால் வரியைத் தேர்ந்தெடுத்து கமென்ட் போடுங்கள். அதில் @ போட்டு மின்னஞ்சலைச் சேர்த்தால் அவருக்கு மெயில் போகும்.

5. அழிந்துவிட்டால்?

பதற வேண்டாம். ‘ஃபைல்’ மெனுவில் ‘வெர்ஷன் ஹிஸ்டரி’ திறந்தால் யார், எப்போது, எதை மாற்றினார்கள் என்று தெரியும். பழைய நிலையை அங்கிருந்தே மீட்கலாம். அப்புறம் ஒன்று: வேறெங்கோ எழுதியதை நண்பரிடம் கொடுத்து ஒட்டச் சொல்லாதீர்கள். உங்கள் உழைப்பு அவர் பெயரில் பதிவாகும்.

முடிந்ததும் ‘ஃபைல்’, ‘டவுன்லோட்’ வழியாக பிடிஎஃப் எடுத்துக் கொடுத்துவிடலாம். கோப்பு, அதைத் தொடங்கியவரின் கூகுள் டிரைவில்தான் இருக்கும். அது கல்லூரிக் கணக்கு என்றால், படிப்பு முடியும் முன் ஒவ்வொருவரும் ‘மேக் எ காப்பி’ கொடுத்துச் சொந்தக் கணக்கில் ஒரு நகல் வைத்துக்கொள்ளுங்கள்.